நார்பரி

தமிழாசிரியர்களாகிய நாம் எந்த நூலையும் முழுமையாகப் படிப்பவர்கள் அல்லர். இதனைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நம் தொழில் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டது. திருக்குறளில் பாடத்திட்டம் வகுத்துத் தந்த குறட்பாக்கள், சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை, கம்பனில் குகப் படலம், பாரதியில் நான்கைந்து பாடல்கள் என்று நறுக்கி வைத்த தட்டிலிருந்தே நாமும் உண்டு, மாணவர்க்கும் ஊட்டி வந்திருக்கிறோம். ஓர் ஆசிரியர் எழுதிய அனைத்தையும், அவர் எழுதி வெளியிட்ட வரிசையிலேயே, சிறந்தது சோர்ந்தது என்று எதனையும் தள்ளாமல் படித்து முடிக்கும் வாய்ப்பு எனக்கு ஐம்பது வயது கடக்கும் வரை கிட்டவில்லை. கிட்டியபோது அது கம்பனாகவோ பாரதியாகவோ அமையாமல், ஆர்தர் கானன் டாயில் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் எழுதிய துப்பறியும் கதைகளாக அமைந்தது. எழுத்தாளர் சங்கத் தொகுப்பில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் எழுதுவதற்கு இது தக்க பொருள்தானா என்று நண்பர் ஒருவர் கேட்டார். படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மட்டும் கூறினேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளி பூட்டப்பட்டது. செமினிப் பட்டணத்தின் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓசைகூட இல்லை. காலை ஆறரை மணிக்குப் பள்ளி வாயிலில் நின்று பழகிய உடம்பு, நிற்க இடமில்லாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அப்போதுதான் படிக்கட்டின் அடியில் கிடந்த அட்டைப் பெட்டி கண்ணில் பட்டது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005-ஆம் ஆண்டு முதல் செமினியில் இயங்கி வருவதை அன்பர்கள் அறிவர். அங்கே பயின்ற கிள்ளான் பிள்ளையொருவர் எங்கள் அண்டை வீட்டில் வாடகைக்கு இருந்தார். படிப்பு முடிந்து புறப்படும்போது, “அங்கிள், பள்ளிக்கூடத்துக்கு ஆகுமான்னு பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டுப் போன பெட்டி அது. உள்ளே கணக்கியல் நூல்களுக்கு அடியில், செங்கல் பருமனில், எறும்பு ஊர்ந்தாற் போன்ற எழுத்தில், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் அனைத்தும் அடங்கிய ஒற்றைத் தொகுப்பு இருந்தது. நெடுங்கதைகள் நான்கு, சிறுகதைகள் ஐம்பத்தாறு. முதலாவது 1887-இல் வெளிவந்தது, இறுதியானது 1927-இல். நாற்பது ஆண்டு எழுத்தை நாளுக்கு ஒரு கதை வீதம், வெளிவந்த கால வரிசையில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது என்று முடிவு செய்தேன்.

அகராதி எதற்கு என்று இளைய ஆசிரியர்கள் வியக்கக்கூடும். என் ஆங்கிலம் தோட்டப் பள்ளியில் முளைத்தது, இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் ஓராண்டு நீரூற்றப்பட்டது, அதற்குமேல் செழிக்கவில்லை. மாவட்டக் கல்வி அலுவலகக் கூட்டங்களில் யாரேனும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் குறிப்பேட்டில் எதையோ எழுதுவது போலத் தலையைக் குனிந்துகொள்பவன் நான். ஊரடங்கிய அந்த நாள்களில் என் உச்சரிப்பைக் கேட்க எவரும் இல்லாததால், துணிந்து வாய்விட்டே படித்தேன்.

ஹோம்ஸ் எனக்குப் புதியவர் அல்லர். சிறுவனாய் இருந்தபோது தோட்டத்து முடிதிருத்தும் கடையில் அட்டை கிழிந்த கல்கண்டு இதழ்களும் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளும் கிடக்கும். முடிவெட்டிக்கொள்ளும் முறை வந்தபிறகும், பின்னால் இருப்பவரை முன்னே போகச் சொல்லிவிட்டுப் படித்துக்கொண்டிருப்பேன். தேநீர் குடித்ததும் சங்கர்லாலுக்கு மூளை வேலை செய்யும் என்பதால், பெரட்டுக்குப் புறப்படும் அப்பாவுக்கு அம்மா ஊற்றும் கடுங்கோப்பியில் நானும் பங்கு கேட்டதுண்டு. தமிழில் துப்பறியும் கதை அன்று தொடங்கியதுமன்று. பண்டித நடேச சாஸ்திரி 1894-லேயே தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்துவிட்டார். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-இல் வந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரைப் பற்றி என் தாத்தா, நேரில் பழகியவர் போலப் பேசுவார். இப்படி வளர்ந்த எனக்கு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் எளிய ஆங்கிலத்தில் சுருக்கப்பட்ட ஹோம்ஸ் கதைகள் எட்டோ பத்தோ அடங்கிய சிறு நூல் கிடைத்தது. எல்லாம் வெற்றிக் கதைகள். ஒரு தொப்பியைப் பார்த்து அதை அணிந்தவனின் வாழ்க்கையையே சொல்லிவிடும் மனிதர் என்னை ஆட்கொண்டார். மாணவர் நடத்தையை உற்றுநோக்கிப் பதிவு செய்தல் என்றொரு பாடம் எங்களுக்கு இருந்தது. அப்பாடத்தையும் ஹோம்ஸையும் நான் ஒன்றாகவே கலந்து பயின்றேன் என்று இப்போது தெரிகிறது.

வரிசையாகப் படிப்பவன் காண்பதைத் தேர்ந்தெடுத்துப் படிப்பவன் காண்பதில்லை. முதல் நெடுங்கதையில் வாட்சன் ஆப்கானியப் போரில் தோளில் குண்டடி பட்டவர். இரண்டாவதில் அதே காயம் காலுக்கு இறங்கிவிடுகிறது. ஜான் என்பது அவர் பெயர். 1891 டிசம்பரில் வந்த கதையில் அவர் மனைவியே அவரை ஜேம்ஸ் என்றழைக்கிறார். ஐந்தாம் ஆண்டு மாணவன் கட்டுரையில் இப்படி எழுதினால் சிவப்பு மையால் வட்டமிடுவேன். டாயிலுக்குத் தம் நாயகர்மீது சலிப்பு ஏற்பட்டு 1893 டிசம்பரில் அருவியில் தள்ளிக் கொன்றதும், வாசகர்கள் விடாததால் 1903-இல் உயிர்ப்பித்ததும் பலரும் அறிந்த செய்திகள். எனக்கு வியப்பளித்தவை வேறு. இந்த மனிதர் அவ்வப்போது தோற்கிறார். 1891 ஜூலையில் வந்த முதல் சிறுகதையிலேயே ஒரு பெண்மணி அவரை அறிவால் வென்று கப்பலேறிவிடுகிறார். அதே ஆண்டு நவம்பரில் உதவி நாடி வந்த இளைஞர் ஒருவரை ஹோம்ஸ் நம்பிக்கை சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார். அன்றிரவே அவர் தேம்ஸ் ஆற்றில் பிணமாகிறார். பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த சுருக்கத் தொகுப்பில் இவை இரண்டும் இல்லை.

நீல மாணிக்கக் கதை அத்தொகுப்பில் இருந்தது. அந்தத் தொப்பி வரும் கதை அதுதான். இப்போது முழுமையாகப் படித்தபோது, நான் மறந்தே போயிருந்த ஒருவர் அதில் இருந்தார். ஹார்னர் என்னும் ஏழைத் தொழிலாளி. விடுதியறையின் கணப்படுப்புக் கம்பியைப் பற்றவைக்க அழைக்கப்பட்டு வந்தவர். அறைக்குள் வந்தவர் அவர். முன்பொருமுறை தண்டனை பெற்றவர். ஆகவே மாணிக்கத்தைத் திருடியவர் அவரே என்று சிறையில் அடைக்கிறார்கள். அறைக்குள் அவரை அழைத்து வந்தவனே திருடன். இருபத்தைந்து ஆண்டுகளாக எனக்குத் தொப்பி நினைவிருந்தது, ஹார்னர் நினைவில்லை. அன்றிரவு நெஞ்சில் ஏதோ நெருடியது. விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன்.

சித்திரைப் புத்தாண்டை வீட்டுக்குள்ளேயே கழித்த வாரம் பதினேழாவது கதைக்கு வந்தேன். ‘மஞ்சள் முகம்’ என்பது அதன் தலைப்பின் பொருள். 1893 பிப்ரவரியில் ஸ்டிராண்ட் இதழில் வந்தது. கிராண்ட் மன்றோ என்னும் வணிகர் ஹோம்ஸைத் தேடி வருகிறார். ஹோம்ஸ் இல்லாததால் தம் புகைக்குழாயை மறந்து வைத்துவிட்டுப் போகிறார். ஹோம்ஸ் அதைப் பார்த்தே, இடக்கைப் பழக்கமுடையவர், உறுதியான பல் வரிசை உள்ளவர், பணக்கவலை இல்லாதவர் என்றெல்லாம் சொல்லிவிடுகிறார். அனைத்தும் சரி. பிறகு மன்றோ வந்து தம் குறையைச் சொல்கிறார். அமெரிக்காவில் முதற்கணவரையும் குழந்தையையும் நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு வந்தவர் என்று நம்பித் தாம் மணந்த மனைவி, அண்மையில் பணம் கேட்டிருக்கிறார். நார்பரியில் உள்ள அவர்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் சிறு குடிலுக்கு நள்ளிரவில் போய் வருகிறார். குடிலின் சன்னலில் உயிரற்ற ஒரு மஞ்சள் முகம் தெரிகிறது. ஹோம்ஸ் உடனே கண்டுபிடித்துவிடுகிறார். முதற்கணவன் சாகவில்லை, குடிலில் ஒளிந்திருந்து அந்தப் பெண்ணை மிரட்டிப் பணம் பறிக்கிறான். தடயங்கள் அனைத்தும் அதில் பொருந்துகின்றன. வாட்சன் இது ஊகம்தானே என்று தயங்குகிறார். ஊகமானாலும் எல்லாச் செய்திகளையும் விளக்குகிறதே என்கிறார் ஹோம்ஸ்.

மூவரும் குடிலுக்குள் நுழைகிறார்கள். அங்கே இருப்பது ஒரு சிறுமி. முகமூடி அணிந்திருக்கிறாள். அதை எடுத்தால், கரிய நிறமுள்ள குழந்தை சிரிக்கிறது. அந்தப் பெண்மணியின் முதற்கணவர் கறுப்பினத்தவர், இறந்தது உண்மை, குழந்தை மட்டும் பிழைத்தது. புதிய கணவர் வெறுத்துவிடுவாரோ என்று அஞ்சி, பெற்ற மகளின் முகத்தையும் கைகளையும் அண்டை அயலார் கண்ணில் படாதவாறு தாய் மூடி வைத்திருக்கிறாள். மன்றோ நெடுநேரம் பேசாது நிற்கிறார். பின்னர் குழந்தையைத் தூக்கி முத்தமிட்டு, மறு கையை மனைவிக்கு நீட்டுகிறார். ஹோம்ஸுக்கு அங்கே வேலை இல்லை. அவரும் வாட்சனும் ஓசையின்றி வெளியேறுகிறார்கள். அன்றிரவு மெழுகுவத்தியுடன் படுக்கையறைக்குத் திரும்பும் வேளையில்தான் ஹோம்ஸ் வாய் திறக்கிறார். தம் ஆற்றலில் தமக்கு மிகையான நம்பிக்கை வந்துவிட்டதாகவோ, ஒரு வழக்குக்குத் தர வேண்டிய உழைப்பைத் தாம் தரவில்லை என்றோ தோன்றும்போது, தம் காதில் ‘நார்பரி’ என்று மெல்லச் சொல்லுமாறு வாட்சனிடம் கேட்டுக்கொள்கிறார்.

நான் புத்தகத்தை மூடினேன். அதற்கடுத்த நான்கு நாள் எதையும் படிக்கவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

பயிற்சி முடிந்து செமினிக்கு அருகே ஒரு தோட்டப் பள்ளியில் பணியேற்ற இரண்டாம் ஆண்டு அது, 1994. ஐந்தாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். உலு கிள்ளானில் உள்ள தேசிய விலங்குக்காட்சி சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தலைக்கு எட்டு வெள்ளி வசூலித்தோம். ஒருநாள் காலை ஐவர் தந்த நாற்பது வெள்ளியைக் கடித உறையில் இட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். ஓய்வு நேரம் முடிந்து திறந்தபோது உறை இல்லை.

நான் பதறவில்லை. உள்ளுக்குள் சற்று மகிழ்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இழுப்பறையின் கைப்பிடியைக் குனிந்து பார்த்தேன். நகக்கண் அளவு உலர்ந்த ரப்பர்ப் பால் ஒட்டியிருந்தது. வகுப்பில் ஒரு பையன் விடியற்காலையில் தாயுடன் மரத்துக்குப் போய்க் கோப்பைகளில் ஒட்டுப்பால் உரித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருவான். அவன் விரல்களில் எப்போதும் பால் கறுத்து உலர்ந்திருக்கும். அன்று ஓய்வுக்குப் பின் அவன் தாமதமாக வந்தான். சுற்றுலாப் பணம் கட்டாதவனும் அவன்தான். மூன்று தடயம். அவனை முன்னே அழைத்து நிறுத்தி, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்து முடிவுக்கு வந்தேன். பிரம்பைத் தொடவில்லை. பிரம்பைத் தொடாமல் திருடனைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். நான் தடுக்கவில்லை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான்காவது தடயமாகச் சேர்த்துக்கொண்டேன். குதிரை காணாமற்போன கதையில் நாய் குரைக்காததைக் கொண்டே ஹோம்ஸ் உண்மையைக் கண்டார் அல்லவா? நாயின் மௌனத்துக்கு ஒரு பொருள்தான் இருந்தது. பதினொரு வயதுப் பிள்ளை ஆசிரியர் முன் பேசாது நிற்பதற்கு எத்தனையோ பொருள் இருக்கலாம் என்பது எனக்கு எட்டவில்லை.

சம்பள நாளன்று மாலை அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். வேலை உடுப்புடனே வந்திருந்தார். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து இருபது வெள்ளியை மேசைமேல் வைத்து, மீதியை அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். “வாத்தியாரு சொன்னா சரியாத்தான்யா இருக்கும்” என்றார். அடுத்த மாதம் மீதியையும் தந்தார். பையன் சுற்றுலாவுக்கு வரவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு பள்ளிக்கும் வரவில்லை.

நவம்பரில் ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் மேசைகளை நகர்த்திச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். என் மேசையின் இழுப்பறைக்குப் பின்பலகை உளுத்து விழுந்திருந்தது எனக்குத் தெரியாது. இழுப்பறையை வெளியே உருவியபோது, அதன் பின்னால், மேசையின் உட்புறத்தில் மடங்கிக் கிடந்தது கடித உறை. நாற்பது வெள்ளி அப்படியே இருந்தது. அங்கேயே நின்றுகொண்டு அந்தக் காலைப் பொழுதைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். மணியடிப்பதற்கு முன், கரும்பலகையில் எழுதுகையில் சுண்ணக்கட்டி தீர்ந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து எடுத்து வா என்று ஒரு பையனை நான்தான் அனுப்பினேன். அனுப்பியது அவனைத்தான். கைப்பிடியில் பால் ஒட்டியது அப்போதுதான்.

அன்று மாலையே லயத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. செமினி, ரிஞ்சிங் வட்டாரத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. குடும்பங்கள் கிளம்பிக்கொண்டே இருந்தன. கிள்ளானுக்கு என்றார் ஒருவர். பந்திங்குக்கு என்றார் இன்னொருவர். மறுநாள் பள்ளியின் கடைசி நாள். வகுப்பில் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதிய ஆசிரியனின் மதிப்பு குறைந்துவிடும் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். முதற்பிழையைவிட இது பெரிது என்றே இன்று கருதுகிறேன். முதலாவது அறியாமல் செய்தது.

இத்தனைக்கும் நான் சிலப்பதிகாரம் கற்பிப்பவன். பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைத்து, முத்துக்குப் பதில் மாணிக்கப் பரல் தெறிப்பதைக் காட்டும் இடத்தை இடைநிலைப் பள்ளி மாணவர்க்கு மாலை வகுப்பில் ஆண்டுதோறும் உணர்ச்சியுடன் விளக்கியவன். பொருட்சான்றைக் கொண்டு ஒரு வழக்கை முடித்துக் காட்டிய முதல் பெண் அவள் என்று சொல்லிக் கைதட்டலும் பெற்றிருக்கிறேன். ஆனால் அதற்கு முந்திய கொலைக்களக் காதையைப் பாடத்திட்டம் கேட்பதில்லை. நானும் விரைந்து கடந்திருக்கிறேன். நார்பரி படித்த வாரத்தில் அதை எடுத்து ஊன்றிப் படித்தேன். கொல்ல வந்த காவலர் கோவலனை நேரில் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் களவு நூல் சொல்லும் எட்டு வகைத் துணைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, தேர்ந்த நிபுணனைப் போலப் பேசுகிறான். கண்ணால் கண்டவர்களின் தயக்கம் நூலறிவுக்கு முன் அடங்கிப் போகிறது. கல்லாதவன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். பொற்கொல்லன் கள்ளன், தெரிந்தே பொய் சொன்னவன். நான் கள்ளனல்லன். ஆயினும் அவன் பேச்சின் அமைப்பும் அன்று வகுப்பில் நான் பேசிய பேச்சின் அமைப்பும் ஒன்றாகவே இருந்தன.

ஐந்தாம் நாள் மீண்டும் படிக்கத் தொடங்கினேன். அதன்பின் ஹோம்ஸைப் படித்த கண் வேறாகிவிட்டது. முன்னர் விரைந்து கடந்த பக்கங்களுக்குத் திரும்பினேன். 1890-இல் வந்த இரண்டாம் நெடுங்கதையில் ஜொனாதன் ஸ்மால் என்னும் குற்றவாளி தன் கதையைச் சொல்கிறான். கங்கையில் முதலைக்கு ஒரு காலைப் பறிகொடுத்தபின், வடஇந்தியாவில் அவுரித் தோட்டமொன்றில் குதிரைமேல் அமர்ந்து கூலிகளை மேய்க்கும் வேலை அவனுக்குக் கிடைக்கிறது. நம்மூர்ச் சொல்லில் மண்டோர். ஒற்றைக் காலனுக்கு ஏற்ற வேலைதான். நடக்க வேண்டியவர்கள் மற்றவர்கள். அவர்களில் ஒருவருக்கும் கதையில் பெயர் இல்லை. 1913-இல் வந்த ‘சாகக் கிடக்கும் துப்பறிவாளர்’ கதை இன்னும் அருகே வருகிறது. அதில் வரும் கொலைகாரன் சுமத்திராவில் தோட்ட முதலாளி. தன் தோட்டத்தில் பரவிய கொள்ளைநோயை ஆராய்ந்து நிபுணன் ஆனவன். அந்நோய்க் கிருமியைக் கொண்டே இலண்டனில் தன் உறவினனைக் கொல்கிறான். கூலிகளைப் பிடிக்கும் நோய் என்றே அதற்குப் பெயர் சொல்லப்படுகிறது. சுமத்திரா நமக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள தீவு. அதன் டெலிப் பகுதித் தோட்டங்களிலும் தமிழர் உழைத்தார்கள். மேடான் நகரின் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. இலண்டனில் செத்தவன் ஒருவன். அவனுக்காக ஹோம்ஸ் மூன்று நாள் பட்டினி கிடந்து வலை விரிக்கிறார். தோட்டத்தில் அந்த நோயால் செத்தவர் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை. எழுதியவரைக் குறைகூறி என்ன பயன்? லயத்தில் பிறந்து, தாயின் விரலில் அதே கறையைப் பார்த்து வளர்ந்த நானே அந்தக் கறையைக் குற்றத்தின் அடையாளமாக வாசித்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஞ்சள் முகத்தை எழுதிய அதே கையே, 1926-இல் வந்த ஒரு கதையில் கறுப்பின மனிதர் ஒருவரை ஹோம்ஸ் இழிவாகக் கேலி பேசுவதாகவும் எழுதியிருக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டில் மனிதர் உயர்வார் என்று எதிர்பார்த்துப் படித்துவந்த எனக்கு அது கசந்தது. அன்று ஹோம்ஸின் காதில் நார்பரி என்று சொல்ல வாட்சன் மறந்துவிட்டார் போலும். கடைசிக் கதைகள் பெரும்பாலும் களைத்தவை. அவற்றையும் விடாமல் படித்து ஜூன் மாதத்தில் அறுபதையும் முடித்தேன்.

பள்ளி திறந்தபின், என் மேசைக் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு தாளில் ‘நார்பரி’ என்று எழுதி வைத்தேன். வந்து போகும் ஆசிரியர்கள் ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சென்ற ஆண்டு ஓர் இளம் ஆசிரியை, தம் கைப்பேசி காணாமற்போனது பற்றி உறுதியான முடிவுடன் ஒரு மாணவியை என் அறைக்கு அழைத்து வந்தார். மாணவியை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, ஆசிரியையிடம் காலை முதல் எங்கெங்கே சென்றார் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி அவர் காரிலேயே இருந்தது. என்னைப் பெரிய அறிவாளி என்று அவர் ஆசிரியர் அறையில் சொல்லியிருக்கிறார்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் முதலாம் ஆண்டில் மகளைச் சேர்க்க ஒருவர் வந்தார். 1994-இல் அந்த வகுப்பில் இருந்தவர். பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சின் நடுவே அந்தப் பையன் இப்போது கிள்ளான் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுவதாகச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, “அவன ஞாபகம் இருக்கா ஐயா? அந்த நாப்பது வெள்ளி. நீங்கதான் ஷெர்லாக் ஹோம்ஸ் மாதிரி கண்டுபிடிச்சீங்களே!” என்றார்.

அவன் எடுக்கவில்லை என்று சொன்னேன். உறை கிடைத்த விவரத்தையும், சுண்ணக்கட்டி எடுக்க நானே அனுப்பியதையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. சற்று நேரம் மகளின் பிறப்புப் பத்திரத்தை மடித்தும் பிரித்தும் கொண்டிருந்தார். “நாங்க அவன ரொம்ப நாளு ‘நாப்பது’ன்னுதான் ஐயா கூப்பிட்டோம்” என்றார். கேட்காமலே கைப்பேசியை எடுத்து எண்ணைத் தந்துவிட்டுப் போனார்.

இரண்டு முறை அந்த எண்ணை அழுத்தி, மணி ஒலிக்குமுன் நிறுத்திவிட்டேன். இச்செய்தியைத் தொலைபேசியில் சொல்ல முடியாது என்று மனைவி சொல்கிறார். அவர் சொல்வது சரி. தாயார் இருக்கிறாரா என்பதையும் நான் விசாரிக்கவில்லை. அடுத்த பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமையை நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். செமினியிலிருந்து கிள்ளானுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அவர் தாயார் இரு தவணையில் தந்த நாற்பது வெள்ளி இன்னும் அதே உறையில்தான் இருக்கிறது.